ஈரம், பயனில்லை

கையுறை வேண்டாம் என்பேன் முதல் நாளே.
உறை மாட்டிய விரலுக்குத் தாளின் கனம் தெரியாது,
ஓரத்தைக் கிழித்துவிடும்.
சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து
வந்து உட்காருங்கள்.
பேனா கூடாது, பென்சில் மட்டும்.
முப்பத்தோரு செப்டம்பர்களாக
மாறாத வாக்கியங்கள்.

எங்கள் ஊர் மெய்ன் மாநிலத்தின் கிழக்கு விளிம்பு.
மீனை டப்பாவில் அடைத்த தொழிற்சாலை இடிந்து
கட்டைக் கால்கள் மட்டும் தண்ணீரில் நிற்கின்றன,
காலுக்கொரு கடற்காகம்.
பாடப்புத்தகத்தில் எங்களுக்கும் ஒரு வரி உண்டு:
கடலோரத்தில் மீன் தொழில் வளர்ந்தது.
தானாக வளர்ந்ததாம், புல் மாதிரி.

ஆகவே மேசைமேல் நான் வைத்தது
1911இன் கூலிப் பதிவேடு.
ரோஸ் பெல்டியே, வயது 14.
தைஷா ஆல்டன் பூதக்கண்ணாடியை எடுத்தவள்
பாடவேளை முழுக்கக் கீழே வைக்கவில்லை.
"நாலுக்கு அடியில் ஒரு ஒன்று இருக்கிறது" என்றாள்.
பதினொன்று.
யாரோ ஒரு கணக்கர்
ஒரு கோடு வளைத்து, ஒரு கோடு குறுக்கே போட்டு
மூன்று வருடத்தை அந்தப் பெண்மேல் ஏற்றியிருக்கிறார்.
மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

எல்லா நாளும் அப்படியில்லை.
நகலெடுத்த மேயருக்கு மீசை வரைந்தார்கள்.
தேர்வு நடத்த என் மேசைகளைத் தூக்கிப் போனார்கள்,
இரண்டு வருடம் திருப்பித் தரவில்லை.
"இதற்கு மதிப்பெண் எங்கே வருகிறது?" என்று
ஐந்து தலைமையாசிரியர்கள், ஐந்து குரலில்.
ஆவணக் காப்பகத்துப் பெட்டிகளை என் காரில்தான் ஏற்றி வருவேன்,
முட்டை அட்டைக்குப் பக்கத்தில்
யாரோ யாருக்கோ எழுதிய மன்னிப்புக் கடிதங்கள்,
மேட்டில் ஏறும்போது ஒரு கையால் பிடித்துக்கொண்டு.

சுவரில் மூன்று கேள்விகள்.
யார் எழுதியது? யாருக்காக?
எதை எழுதவில்லை?

போன மே மாதம், ஓய்வுக்கு முன் கணக்கெடுப்பு.
ஏழாம் வகுப்பிடம் நூலகத்தின் சொந்தப் பேரேடுகளையே கொடுத்தேன்,
வேடிக்கையாக இருக்கட்டும் என்று.
எந்தப் புத்தகம் எப்போது வந்தது,
எது தொலைந்தது, எதை நாய் கடித்தது.
வெய்லன் சோக்கபேசின் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டான்.
பாசமகுவாடி வீட்டுப் பிள்ளை, அதிகம் பேசாதவன்.
பென்சில் நுனியைத் தாளில் படாமல் மேலே பிடித்தபடி
உரக்கப் படித்தான்:

கூடை விற்ற கணக்கு நோட்டு, மூன்று. நன்கொடை.
ஈரம். மொழி தெரியவில்லை. பயனில்லை.
அகற்றப்பட்டது. நவம்பர் 1994. ஓ.மி.

நான் வேலைக்கு வந்த இரண்டாம் வருடம்.
குழாய் வெடித்த வாரம்.
கறுப்புப் பைகள் நினைவிருக்கின்றன,
என் நனைந்த காலணிகள் நினைவிருக்கின்றன.
நோட்டுகள் நினைவில் இல்லை.
நீலமா, சிவப்பா, கட்டியிருந்த கயிறா,
ஒன்றும் இல்லை.

யார் எழுதியது? "ஓ.மி." என்று குறித்துக்கொண்டான்.
யாருக்காக? "மாவட்ட அலுவலகத்துக்கு."
மூன்றாவதற்குச் சுவரைப் பார்த்தான்,
என்னைப் பார்க்கவில்லை.
பிறகு மெதுவாக எழுதினான்:
எந்த மொழி என்று யாரிடமாவது கேட்டாரா,
எழுதவில்லை.

அவன் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே
பதினெட்டு நிமிடப் பேருந்து.
1994இலும் அதே பதினெட்டு.

வெள்ளம், அவசரம், இருபத்தாறு வயது,
எல்லாம் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன.
முப்பத்தோரு வருடம் இப்படிப்பட்ட சாட்சிகளைத்தான்
சந்தேகப்படச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

எழுந்து போய்க் கை கழுவினேன்.
ஈரம் போகத் துடைத்தேன்.
மேசையின் அந்தப் பக்கத்து நாற்காலியில்,
பிள்ளைகள் எதிரே, உட்கார்ந்தேன்.
"கேட்கவில்லை" என்றேன்.

அவன் புதுத் தாள் எடுத்தான்.
மூலையில் தேதி போட்டான்.
"முழுப் பெயர்?"
"ஓடெட் மிஷோ."
"எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்" என்றான்,
"தப்பாகப் பதிவாகிவிடக் கூடாது."